மின்னலின்போது ரேடியோ தப்புகிறது, சுவிட்ச் எரிகிறது: கோபுர எர்த்திங் குறித்து உதவி தேவை

கேள்வி:
வணக்கம். 30 மீட்டர் உயரமுள்ள, துத்தநாகப் பூச்சிட்ட இரும்புக் கோபுரத்தின் உச்சியில் இரண்டு வயர்லெஸ் ரேடியோக்களைப் பொருத்தியிருக்கிறோம். அவற்றின் ஷீல்டு (உலோக உறை) கொண்ட ஈத்தர்நெட் கேபிள்கள் கோபுரத்தின் கால் வழியாக இறங்கி, அருகிலுள்ள கட்டடத்தின் நெட்வொர்க் சுவிட்சில் சேர்கின்றன. கோபுரத்துக்குத் தனி எர்த் ராடு உண்டு; கட்டடத்தின் மின் எர்த் அதிலிருந்து 12 மீட்டர் தள்ளி இருக்கிறது. இரண்டையும் இணைத்தால் மின்னல் கட்டடத்துக்குள் வந்துவிடும் என்று நிறுவியவர் கூறியதால் இணைக்காமல் விட்டோம். இடி இறங்கிய மூன்று முறையும் ரேடியோக்களுக்கு ஒன்றும் ஆகவில்லை; சுவிட்சின் போர்ட்டுகள்தான் கருகின. கோபுரத்து எர்த் கம்பியைத் தடிமனாக மாற்றினால் சரியாகுமா?

பதில்:
கம்பியின் தடிமன் இதற்குக் காரணமன்று. கோபுரத்து எர்த்தின் மின்தடை 10 ஓம் என்றும், அதில் இறங்கும் மின்னோட்டம் 20,000 ஆம்பியர் என்றும் வைத்துக்கொண்டால், அந்தக் கணத்தில் கோபுரத்தின் அடிப்பகுதியே தொலைவிலுள்ள நிலத்தைவிட 2 லட்சம் வோல்ட் உயர்ந்து நிற்கும். கட்டடத்து எர்த் அவ்வளவு உயராது. இரண்டுக்கும் நடுவே இருக்கும் ஒரே உலோகப் பாலம் உங்கள் ஈத்தர்நெட் கேபிள். ரேடியோ கோபுரத்தோடு சேர்ந்தே உயர்வதால் தப்புகிறது. வேறுபாடு முழுவதையும் சுவிட்ச் போர்ட் தாங்க வேண்டியிருக்கிறது.

ஆகவே இரு எர்த்துகளையும் தடித்த வெற்றுத் தாமிரக் கம்பியால் மண்ணுக்கடியில் இணையுங்கள். கேபிள் கட்டடத்துக்குள் நுழையும் இடத்திலேயே ஒரு சர்ஜ் அரெஸ்டரை (திடீர் மின்னழுத்த எழுச்சியை எர்த்துக்குத் திருப்பும் கருவி) வைத்து, அதையும் கேபிளின் ஷீல்டையும் இதே எர்த்தில் சேருங்கள். ரேடியோவின் அருகே இன்னொரு அரெஸ்டர் வேண்டும். மின்னல் உள்ளே வரும் என்ற அச்சம் நியாயமானதுதான், ஆனால் இப்போதே அது கேபிள் வழியாக உள்ளே வந்துகொண்டிருக்கிறது.

கேட்டவர்:
மிக்க நன்றி. ரேடியோக்களுக்கென்று உச்சியிலிருந்து தரைவரை தனியாக ஒரு தாமிரக் கம்பி இறக்கியிருக்கிறோம். அது இரண்டு இடங்களில் செங்கோணமாக மடங்குகிறது. அதை அப்படியே விடலாமா?

இன்னொரு பதில்:
வேண்டாம். மின்னலின் மின்னோட்டம் சில மைக்ரோ நொடிகளில் ஏறிவிடுவதால், கம்பியின் மின்தடையைவிட அதன் தூண்டலே (மின்னோட்ட மாற்றத்தை எதிர்க்கும் பண்பு) அதிகத் தடங்கலாகிறது. ஒரு மீட்டர் கம்பிக்கு அது ஏறத்தாழ 1 மைக்ரோஹென்றி. அகன்ற இரும்புச் சட்டகத்தின் தூண்டல் ஒற்றைக் கம்பியினுடையதைவிடக் குறைவு. எனவே ரேடியோவையும் மேல் அரெஸ்டரையும் குட்டையான கம்பியால், அது கீழ்நோக்கியே செல்லுமாறு, கோபுரத்தோடு இணைத்துவிடுங்கள். வளைவு தவிர்க்க முடியாவிட்டால் அதன் ஆரம் 20 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது.

வெற்றுத் தாமிரத்தைத் துத்தநாகப் பூச்சின்மேல் நேரடியாக இறுக்காதீர்கள். ஈரத்தில் பூச்சு அரிக்கப்பட்டு இணைப்பு கெட்டுவிடும். வெள்ளீயம் பூசிய தாமிரக் கம்பியும் துருப்பிடிக்காத எஃகுக் கிளாம்பும் பொருத்தமானவை. கேபிள் கட்டடத்துக்குள் நுழையுமுன் அதைச் சற்றுக் கீழே தொங்கவிட்டு வளைத்தால் மழைநீர் அங்கேயே சொட்டிவிடும்.

மண்ணுக்கடியிலான இணைப்பை முதலில் முடியுங்கள். அதைக் கட்டடத்து எர்த்தில் சேர்க்கும் வேலையை, மின்சாரத்தைத் துண்டித்த பிறகு, உரிமம் பெற்ற மின்பணியாளரே செய்யட்டும். தொலைவில் இடியோசை கேட்டாலும் அன்று யாரையும் கோபுரத்தில் ஏற்றாதீர்கள்.