ஸ்டூடிபேக்கர் தானா செத்துச்சா, சாகடிச்சாங்களா?

பழைய_டப்பா:
ராத்திரி தூக்கம் வராம பழைய அமெரிக்க கார் படமா பாத்துட்டு இருந்தேன், 1953 ஸ்டூடிபேக்கர் ஸ்டார்லைனர் கூப்பே, அதான் ரெண்டு கதவு கார், கண்ணுல பட்டுச்சு. யப்பா. மத்த கம்பெனிக்காரன்லாம் குரோமியத்த அள்ளிப் பூசி பீரோவுக்கு சக்கரம் வச்ச மாதிரி வண்டி விட்டுட்டு இருந்தப்ப இது மட்டும் தாழ்வா, ஒல்லியா, நின்னுட்டு இருக்கும்போதே ஓடுற மாதிரி. இவ்ளோ அழகா வண்டி பண்ணத் தெரிஞ்சவன் பத்தே வருசத்துல, 1963 டிசம்பர் 20ம் தேதி, இண்டியானா மாநிலத்துல சவுத் பெண்ட் ஊர்ல இருந்த பேக்டரிய இழுத்து மூடிட்டான். 1852ல ஆரம்பிச்ச கம்பெனிங்க அது, ஹென்றி ஃபோர்டு பொறக்குறதுக்கே 11 வருசம் முன்னாடி. என்ன பொறுத்தவரைக்கும் இது இயற்கை மரணம் இல்ல, மேல உக்காந்திருந்தவங்க கொன்னாங்க. மறுக்குறவங்க வாங்க.

லாஸ்ட்_பெஞ்ச்:
தல, 1852ல காரே கிடையாதே. என்னத்த செஞ்சான்?

பழைய_டப்பா:
மாட்டு வண்டி, குதிர வண்டிதான் தம்பி. ஹென்றி, கிளமெண்ட்னு ரெண்டு அண்ணன் தம்பி, 68 டாலர் முதல் போட்டு கொல்லுப்பட்டறை வச்சாங்க. இன்னொரு தம்பி ஜான், தங்கம் கெடைக்கும்னு கலிபோர்னியா போனவரு, தங்கம் தோண்டாம தோண்டுறவனுக்கு ஒத்தசக்கர தள்ளுவண்டி செஞ்சு வித்தாரு. 1858ல 8,000 டாலரோட ஊர் திரும்பி அத இந்தப் பட்டறையில போட்டாரு. அப்புறம் உள்நாட்டுப் போர்ல வடக்குப் படைக்கு வண்டி சப்ளை. உலகத்துலயே பெரிய வண்டி பட்டறைன்னு பேர் வாங்குனாங்க. 1902ல மொதல் கார் விட்டாங்க, அதுவும் எலெக்ட்ரிக். ரெண்டாவது வண்டிய வாங்குனவரு எடிசன்.

ஷிப்ட்_சூப்பர்வைசர்:
படத்த பாத்து மயங்கிட்டு தீர்ப்பு சொல்லாதீங்க டப்பா சார். 25 வருசம் ஷாப் ஃப்ளோர்ல நின்னவன் சொல்றேன், அந்தக் கம்பெனிய கொன்னது அங்க இருந்த வேலைக்காரங்களும் யூனியனும்தான். லோக்கல் 5ன்னு பேரு. டெட்ராய்ட்ல இருக்கிற பெரிய மூணு கம்பெனியை விட இங்க கூலி அதிகம், ஆனா ஒரு ஆள் ஒரு நாளைக்கு செய்ற வேலை கம்மி. போர் முடிஞ்சதும் எத வித்தாலும் வாங்க ஆள் இருந்துச்சு, வேலைநிறுத்தம் மட்டும் வந்துடக்கூடாதுன்னு நிர்வாகம் கேட்டதெல்லாம் குடுத்துச்சு. அந்தப் பழக்கம் ஒட்டிக்கிச்சு. ஒரு காருக்கு ஆகுற கூலிச் செலவு செவ்ரொலே காரனை விட அதிகமா இருந்தா வண்டி எவ்ளோ அழகா இருந்து என்ன பிரயோஜனம், விலையைக் குறைக்க முடியாதுல்ல.

கணக்கு_டீச்சர்:
ஷிப்ட் சார், "நிர்வாகம் கேட்டதெல்லாம் குடுத்துச்சு"ன்னு நீங்களே எழுதிட்டீங்க. குடுத்தவன் யாரு? கையெழுத்து போட்டவன் யாரு?

இந்தக் கம்பெனியோட வியாதி யூனியன் வர்றதுக்கு முன்னாடியே இருக்கு. ஆல்பர்ட் எர்ஸ்கின்னு ஒரு தலைவர், 1915ல இருந்து ஓட்டுனாரு. 1929ல பங்குச்சந்தை விழுந்துச்சு, ஊரே கஞ்சிக்கு வரிசையில நிக்குது, இவரு மட்டும் "இது சீக்கிரம் சரியாயிடும்"னு நம்பி பங்குதாரருக்கு டிவிடெண்டா, அதான் லாபப் பங்கா, வாரி எறைச்சாரு. 1930ல குடுத்த டிவிடெண்ட் அந்த வருச லாபத்தை விட பல மடங்கு. வீட்ல அரிசி இல்ல, விதைநெல்ல எடுத்து பந்தி வச்ச கதை. 1933 மார்ச்ல கம்பெனி திவால், கோர்ட் ரிசீவர் கைக்குப் போயிடுச்சு. அதே வருசம் ஜூலைல எர்ஸ்கின் தன் உயிரையே விட்டாரு, பாவம், அதுல எனக்கு சந்தோசம் ஒண்ணும் இல்ல. ஆனா பாடம் படிச்சாங்களா? இல்ல. போருக்கு அப்புறம் காசு கொட்டுன வருசங்கள்லயும் அதே வேலைதான் பண்ணாங்க. பேக்டரி பூரா பழைய மாடிக் கட்டடம், சாமானை மாடிக்கு மாடி ஏத்தி எறக்கணும். அத இடிச்சு புதுசா கட்ட வேண்டிய பணம் டிவிடெண்டா போச்சு. பழைய கட்டடத்துல ஒரு கார் செய்ய ஆள் அதிகம் வேணும்தான், அது ஆளோட தப்பா சார்?

மிச்சிகன்_மாப்ள:
ரெண்டு பேரும் தப்பு. நான் இங்கதான் இருக்கேன், சவுத் பெண்ட் மியூசியத்துக்கு ரெண்டு தடவ போயிருக்கேன், உங்க சண்டைய அங்க வந்து போட்டா வாட்ச்மேன் சிரிப்பான். யார் ஓட்டியிருந்தாலும் அந்தக் கம்பெனி செத்திருக்கும். 1953 - 54ல ஃபோர்டுக்கும் செவ்ரொலேக்கும் யாரு மொத இடம்னு வெறி புடிச்ச சண்டை. ரெண்டு பேரும் டீலருங்க தலையில வண்டிய வண்டியா கட்டி, கெடைச்ச விலைக்குத் தள்ளுனாங்க. யானை ரெண்டு சண்டை போட்டா கீழ இருக்கிற புல்லுதான் நசுங்கும். ஸ்டூடிபேக்கர், நாஷ், ஹட்சன், பேக்கார்ட் எல்லாரும் நசுங்குனாங்க. வருசத்துக்கு பத்து லட்சத்துக்கு மேல அடிக்கிறவன் ஒரு டை, அதான் தகட்ட அழுத்துற அச்சு, அதோட செலவ அத்தனை வண்டிக்கும் பிரிச்சுக்குவான், ஒரு லட்சம் அடிக்கிறவன் அதே டைக்கு அதே காசு குடுக்கணும். இதுல யூனியன் என்ன, டிவிடெண்ட் என்ன.

கணக்கு_டீச்சர்:
மாப்ள, அப்ப ராம்ப்ளர் எப்படி பொழைச்சுது? நாஷும் ஹட்சனும் 1954ல ஒண்ணா சேந்து அமெரிக்கன் மோட்டார்ஸ் ஆச்சு. அதோட தலைவர் ஜார்ஜ் ராம்னி பெரிய காரையெல்லாம் தூக்கிக் கடாசிட்டு சின்ன ராம்ப்ளர் ஒண்ணை மட்டும் புடிச்சாரு, 1961ல அமெரிக்க விற்பனையில மூணாவது இடத்துக்கே வந்துச்சு. அதே யானை, அதே புல்லு.

மிச்சிகன்_மாப்ள:
வந்துச்சு, அப்புறம் 1987ல கிரைஸ்லர் வாயில போச்சு. தள்ளிப்போட்டாங்க, அவ்ளோதான் டீச்சர்.

கணக்கு_டீச்சர்:
24 வருசம் தள்ளிப்போட்டா அதுக்குள்ள ஒரு ஆளு வேலைக்கு சேந்து ரிட்டயரே ஆயிடுவான். அத "அவ்ளோதான்"னா எப்படி.

பழைய_டப்பா:
நான் ஆரம்பிச்ச கூப்பே கதைக்கே வரலயே யாரும். போர் முடிஞ்ச உடனே 1946லயே, மத்தவன்லாம் 1942 மாடலுக்கு மூக்க மட்டும் மாத்தி வித்துட்டு இருந்தப்ப, 1947 மாடல்னு புத்தம்புதுசா எறக்குனான். பின்னாடி கண்ணாடி சுத்தி வளைஞ்சு வர்றதால வண்டி முன்னாடி போகுதா பின்னாடி போகுதான்னு ஊரே கிண்டல் பண்ணுச்சு, ஆனா வாங்குனாங்க. 1950ல துப்பாக்கி ரவை மாதிரி மூக்கு. அந்த வருசம் மூணு லட்சத்துக்கு மேல வித்தான், அதான் உச்சம். எல்லாம் டிசைனர் ரேமண்ட் லோவி ஸ்டூடியோ பேர்ல வந்தது. 53 கூப்பேவை அந்த ஸ்டூடியோவுல வரைஞ்சவரு ராபர்ட் பர்க்.

இப்ப கொலைக்கு வரேன். ஜனங்க செடான்தான், அதான் சாதாரண குடும்ப கார்தான், வாங்குவாங்கன்னு நிர்வாகம் கணக்கு போட்டு செடானுக்கு உற்பத்திய ஏத்தி வச்சான். ஜனங்க கூப்பேக்கு வரிசை கட்டுனாங்க. ரெண்டு வண்டிக்கும் பாடித் தகடு வேற வேற, ஒண்ணை எடுத்து இன்னொண்ணுல மாட்ட முடியாது. அது போதாதுன்னு உற்பத்தி ஆரம்பிச்சப்ப கூப்பேல முன்பக்கத் தகடு சேஸிஸோட சரியா ஒக்காரல, லைன்ல தலைய பிச்சுக்கிட்டாங்க. ஷோரூம்ல காசோட வந்தவன் எத்தனை மாசம் காத்திருப்பான், எதிர்க்கடைல செவ்ரொலே தள்ளுபடில நிக்குது.

ஷிப்ட்_சூப்பர்வைசர்:
இத ஒத்துக்கறேன். தகடு பொருந்தலன்னா லைன்ல நிக்கிறவனுக்கு என்ன நரகம்னு எனக்குத் தெரியும். நான் வேல பாத்த எடத்துல ஒரு தடவ கதவு கீல் ரெண்டு மில்லி தள்ளி வந்துடுச்சு, மூணு நாளு ரப்பர் சுத்தியலால தட்டித் தட்டியே வண்டி அனுப்புனோம். அது டிசைன் ஆபீஸ் பண்ண தப்பு, லைன் ஆளு மேல போட முடியாது.

ஆனா 1954 பத்தி யாரும் வாயத் தொறக்கல பாருங்க. பேக்கார்ட் கம்பெனி ஸ்டூடிபேக்கர வாங்குனான். வாங்குறதுக்கு முன்னாடி கணக்குப் புஸ்தகத்த ஒழுங்கா பொரட்டிப் பாக்கல. வாங்குனப்புறம் பாத்தா நஷ்டம் இல்லாம ஓட வருசத்துக்கு 2,82,000 வண்டி போகணும், வித்ததோ அதுல மூணுல ஒரு பங்கு கூட இல்ல. பொண்ணு வீட்ல சொத்து இருக்குன்னு நம்பி கல்யாணம் பண்ணிட்டு மாப்பிள்ளை முழிச்ச கதை. அந்த 2,82,000 அவ்ளோ பெருசா ஏன் இருந்துச்சு? கூலி. திரும்பவும் அங்கதான் வரணும்.

கணக்கு_டீச்சர்:
கூலியும் ஒரு காரணம்தான், இல்லேன்னு நான் எங்க சொன்னேன். ஆனா அதே 1954 ஆகஸ்டுல அந்தத் தொழிலாளிங்க ஓட்டு போட்டு தங்க கூலிய தாங்களே கொறைச்சுக்கிட்டாங்க, அத ஏன் விட்டுட்டீங்க? அந்தக் காலத்துல அமெரிக்க கார் தொழில்ல அது சாதாரண விசயமா?

ஷிப்ட்_சூப்பர்வைசர்:
கொறைச்சாங்க. அப்புறம் 1962 ஜனவரில ஒரு மாசத்துக்கு மேல ஸ்ட்ரைக் பண்ணாங்க, கம்பெனி உசுருக்கு இழுத்துட்டு இருக்கும்போது. அத நீங்க விட்டுட்டீங்க.

லாஸ்ட்_பெஞ்ச்:
ரெண்டு பேரும் நல்லா வெளையாடுறீங்க 😄 நடுவுல லார்க்னு ஒரு வண்டி நல்லா ஓடுச்சுன்னு எங்கயோ படிச்சேன், அது என்ன?

பழைய_டப்பா:
லார்க் ஒரு தையக்காரன் வேலை தம்பி. புதுசா வண்டி பண்ண காசு இல்ல. பழைய பாடியோட முன்னாடியும் பின்னாடியும் நீட்டிட்டு இருந்தத வெட்டி, நடுப்பகுதிய அப்படியே வச்சு, அண்ணன் சட்டைய வெட்டி தம்பிக்கு தச்ச மாதிரி சின்ன கார்னு 1959 மாடலா விட்டாங்க. பிச்சுக்கிட்டுப் போச்சு, கம்பெனி லாபமே பாத்துச்சு. கொஞ்ச காலம்தான். 1960 மாடலுக்கு ஃபோர்டு ஃபால்கன், செவ்ரொலே கார்வேர், கிரைஸ்லர் வேலியண்ட்னு மூணு பேரும் சின்ன கார் எறக்கிட்டாங்க. லார்க் வித்துட்டு இருந்த டீலர்ல பல பேரு அந்தப் பக்கம் சாஞ்சுட்டான்.

அப்புறம் 1961ல ஷெர்வுட் எக்பெர்ட்னு ஒரு தலைவர் வந்தாரு, வேகமான ஆளு. லோவிய கூப்ட்டு ஒரு கார் வரைங்கன்னாரு. பாம் ஸ்பிரிங்ஸ்ல ஒரு வீட்ட வாடகைக்கு எடுத்து சின்ன டீமா உக்காந்து சில வாரத்துல வரைஞ்சதுதான் அவாண்டி. முன்னாடி கிரில்லே இல்லாத மூஞ்சி, ஃபைபர்கிளாஸ் பாடி, முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக். அத இன்னைக்கு ரோட்ல விட்டாலும் திரும்பிப் பாப்பாங்க. ஃபைபர் பாடி வெளியில இருந்து வரணும், அதுல கோளாறு, லேட்டு. திரும்பவும் அதே 53 கதை, ஆர்டர் குடுத்தவன் ஓடிப்போனான். மொத்தமே ஐயாயிரத்துக்கும் கீழதான் வந்துச்சு. எக்பெர்ட்டுக்கு கேன்சர், 1963 நவம்பர்ல எடத்த காலி பண்ணாரு, அடுத்த மாசம் பேக்டரிக்கே பூட்டு. கனடால ஹாமில்டன்ல மட்டும் 1966 மார்ச் வரைக்கும் இழுத்துப் பாத்தாங்க.

மிச்சிகன்_மாப்ள:
ஒரு சின்ன திருத்தம், கம்பெனி சாகல, கார் செய்றதத்தான் விட்டுச்சு. எஸ்டிபி ஆயில், ஓனான் ஜெனரேட்டர்னு வேற வேற கம்பெனிய வாங்கி வச்சிருந்தாங்க. 1967ல வொர்த்திங்டன் கம்பெனியோட சேந்து நல்லாவே இருந்தாங்க. பங்கு வச்சிருந்தவன் கவலப்படல.

கணக்கு_டீச்சர்:
பாயிண்டுக்கு வந்துட்டீங்க மாப்ள. பங்கு வச்சிருந்தவன் கவலப்படல. வேலை பாத்தவன்?

சவுத் பெண்ட் மூடினப்ப பென்சன் நிதில போதுமான பணம் இல்ல. 60 வயசு தாண்டுனவங்களுக்கு முழுசா குடுத்தாங்க, அது சுமார் 3,600 பேரு. 40ல இருந்து 59 வரைக்கும், பத்து வருசம் சர்வீஸ் போட்டவங்க, சுமார் 4,000 பேரு. அவங்களுக்கு வர வேண்டியதுல 15 சதம் கைல குடுத்து அனுப்பிட்டாங்க. அந்தக் கூட்டத்தோட சராசரி வயசு 52, சராசரி சர்வீஸ் 23 வருசம். 40க்கு கீழ ஒண்ணும் கெடையாது. 23 வருசம் ஒரே கேட்ல நொழஞ்சு வெளிய வந்தவன் கைல ஏழுல ஒரு பங்கு. விதைநெல்ல பந்தி வச்சது யாரோ, பட்டினி கெடந்தது யாரோ.

ஷிப்ட்_சூப்பர்வைசர்:
டீச்சர், இதுல நான் உங்களோட சண்டை போட மாட்டேன், எனக்கும் பிஎஃப் தவிர வேற கதி இல்ல. ஆனா ஒண்ணு மட்டும் சொல்லிடுறேன், அந்த நிதி ஏன் காலியா இருந்துச்சுன்னு பாருங்க. கம்பெனி கட்ட வேண்டிய தவணைய ஒழுங்காத்தான் கட்டுச்சு. 1950ல திட்டம் ஆரம்பிச்சப்பவே முந்தின வருச சர்வீஸையெல்லாம் சேத்துக்கிட்டாங்க, அதுக்கான பணத்த பல வருசத்துல மெதுவா போடலாம்னு ஏற்பாடு. அதுக்கு மேல ஒப்பந்தம் போடும்போது பல தடவ பென்சன் தொகைய ஏத்துனாங்க. ஏத்தச் சொல்லி கேட்டது யூனியன். நிதிய நெரப்பச் சொல்லி அதே வேகத்துல கேட்டாங்களா? பந்தியில ரெண்டு பக்கமும் எலை போட்டுத்தான் உக்காந்திருந்தாங்க.

கணக்கு_டீச்சர்:
எலைல என்ன விழுந்துச்சுன்னு பாருங்க சார். ஒருத்தனுக்கு டிவிடெண்ட் அன்னைக்கே கைல. இன்னொருத்தனுக்கு பென்சன்னு ஒரு தாள், "அப்புறம் தர்றோம்"னு எழுதியிருக்கு. ரெண்டும் ஒரே பந்தி இல்ல. இதப் பாத்துதான் அமெரிக்காவுல பென்சனுக்கு தனி சட்டமே கொண்டு வந்தாங்க, 1974ல. கம்பெனி கவுந்தாலும் பென்சனுக்கு காப்பீடு. சவுத் பெண்ட் ஆளுங்களுக்கு அது 11 வருசம் லேட்டு.

ஷிப்ட்_சூப்பர்வைசர்:
தாள்ங்கிறது சரிதான். ஆனா அந்தத் தாளுக்காக 1962ல ஸ்ட்ரைக் பண்ணியிருந்தா நானே கைதட்டியிருப்பேன்.

பழைய_டப்பா:
நான் ஒரு கூப்பே படம் போட்டதுக்கு பென்சன்ல வந்து நிக்குது. என் பழைய வாதத்துல கொஞ்சம் பின்வாங்குறேன், மேல இருந்தவங்க மட்டும்னு இனிமே சொல்லல. "முக்கியமா மேல இருந்தவங்க"ன்னு வச்சுக்குவோம்.

லாஸ்ட்_பெஞ்ச்:
மாப்ள அண்ணே, சவுத் பெண்ட்ல கடைசியா லைன்ல இருந்து வந்த வண்டி என்ன ஆச்சு? யாராச்சும் வாங்குனாங்களா?

மிச்சிகன்_மாப்ள:
மியூசியத்துல நிக்குது தம்பி. செவப்பு டேடோனா, ரெண்டு கதவு. அதே மியூசியத்துல லிங்கன் சுடப்பட்ட ராத்திரி தியேட்டருக்குப் போன குதிர வண்டியும் இருக்கு, எல்லாரும் அதுகிட்ட நின்னுதான் போட்டோ எடுக்குறாங்க. டேடோனாகிட்ட நான் போனப்ப ஒரு தாத்தா மட்டும் நின்னாரு, கதவு இடுக்க வெரலால தடவிப் பாத்துட்டு இருந்தாரு. இங்க வேலை பாத்தீங்களான்னு கேக்கத் தோணுச்சு, கேக்கல.

ஷிப்ட்_சூப்பர்வைசர்:
இடுக்கு சீரா இருந்துச்சா?

மிச்சிகன்_மாப்ள:
மேலருந்து கீழ வரைக்கும் ஒரே அளவு அண்ணே.