இரவு பதினொரு மணிக்கும் மேல்மாடி அறையின் வெக்கை தணியவில்லை: எங்கே பிழை?

கேள்வி: மேல்மாடிவாசி, வெள்ளவத்தை

வணக்கம். காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கையொன்றில், நான்காம் மாடியில் அம்மாவுடன் வாடகைக்கு இருக்கிறேன். எங்களுக்கு மேலே வேறு வீடு இல்லை. கொங்கிறீற் தட்டும் கறுப்புத் தண்ணீர்த் தாங்கியும் மட்டுமே உள்ளன. மார்ச் நடுப்பகுதியிலிருந்து படுக்கையறையில் படுக்கவே முடியவில்லை. நேற்று இரவு பத்து மணிக்கு வெப்பமானியை வைத்துப் பார்த்தேன்: பல்கனியில் 28 பாகை, கட்டிலருகே 32. அம்மா நள்ளிரவில் எழுந்து, தலைமாட்டுச் சுவரில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இது தோசைக்கல்லாட்டம் கிடக்குது பிள்ளை" என்று சொல்லி, விறாந்தையில் பாயைப் போட்டுக்கொண்டார். அவருக்கு 74 வயது. இரத்த அழுத்தத்துக்குக் குளிசை எடுக்கிறார்.

யாழ்ப்பாணத்து வழக்கப்படி யன்னலில் ஈரச்சேலை கட்டிப் பார்த்தோம்; பிசுபிசுப்புத்தான் கூடியது. மாலை ஐந்து மணிக்கு மேல்தட்டில் பத்து வாளி தண்ணீர் ஊற்றியும் பெரிய மாற்றமில்லை. கூரை விசிறியை ஐந்தில் வைத்தாலும் காற்று சூடாகவே இறங்குகிறது. சுவரில் துளையிட வீட்டுக்காரர் சம்மதிக்காததால் குளிரூட்டி பூட்ட வழியில்லை. தண்ணீர் ஊற்றிப் பாவிக்கும் கூலர் ஒன்றை வாங்கலாமா என்று யோசிக்கிறேன். அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்: கட்டட வேலைக்காரன், தெஹிவளை

தங்கைக்கு வணக்கம். கூலரை வாங்க வேண்டாம். அது தண்ணீரை ஆவியாக்கித்தான் காற்றைக் குளிர்விக்கிறது. காற்று உலர்ந்திருக்கும் ஊரில் அது நன்றாக வேலை செய்யும். கொழும்புக் காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருப்பதால், மூடிய அறையில் அதை வைத்தால் நீங்கள் ஈரச்சேலையில் பட்ட அனுபவத்தையே காசு கொடுத்துப் படுவீர்கள். 32 பாகை வெப்பத்தோடு 70 வீத ஈரப்பதன் சேர்ந்தால், உடல் அதை 41 பாகை அளவுக்கு உணரும். வியர்வை காயாமல் நிற்பதுதான் இங்கே நோய். இன்னும் ஈரத்தைச் சேர்ப்பது அதற்கு மருந்தாகாது.

உங்கள் அறையின் சூடு அந்த நேரத்துச் சூடு அல்ல, பகலில் தட்டு வாங்கி வைத்த சூடு. ஏப்ரல் 5 முதல் 15 வரையான நாட்களில் இலங்கைக்கு நேர் மேலே சூரியன் உச்சம் கொடுக்கிறது. கொழும்புக்கு அது ஏறக்குறைய ஏப்ரல் 7ஆம் திகதி. ஆகவே இந்தக் காலத்தில் சுவர்களை விடக் கூரைதான் அதிகம் வேகிறது. ஐந்தாறு அங்குலக் கொங்கிறீற்றில் அந்தச் சூடு மெல்ல மெல்லக் கீழிறங்கி, நீங்கள் இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும் நேரத்தில்தான் உட்பக்கத்தில் முழுமையாக வெளிப்படும். ஐந்து மணிக்குத் தண்ணீர் ஊற்றுவது பிழையல்ல, ஆனால் பிந்திவிட்ட வேலை. தட்டின் பள்ளங்களில் தண்ணீர் தேங்கினால் டெங்கு நுளம்பு பெருகும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து வழக்குப் போடுமளவுக்கு அது போகலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

செய்ய வேண்டியது, சூட்டைத் தட்டுக்குள் இறங்கவே விடாமல் வெளியிலேயே மறிப்பதுதான். படுக்கையறைக்கு மேலுள்ள பகுதியை நன்றாகக் கூட்டிக் கழுவி, வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு பூச்சு அடியுங்கள். மழையில் கரையும், அடுத்த வருடம் மீண்டும் அடிக்க வேண்டும். ஆனாலும் செலவு குறைவு. காசு இருந்தால், மழைக்குத் தாங்கும் வெள்ளைக் கூரைப்பூச்சு கடைகளில் கிடைக்கிறது. இன்னொரு வழி, தட்டிலிருந்து இரண்டடி உயரத்தில் நிழல் வலையைக் கட்டுவது. வலைக்கும் தட்டுக்கும் இடையில் காற்று ஓட வேண்டும். தட்டோடு ஒட்ட விரித்தால் பாதிப் பயன்கூடக் கிடைக்காது. கிடுகும் நல்லதுதான், ஆனால் நெருக்கமாக வீடுகள் நிற்கும் இடத்தில் நெருப்புப் பயத்தால் நான் அதைச் சொல்லமாட்டேன். எதைச் செய்வதானாலும் முதலில் வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரவில் எந்த யன்னலைத் திறக்கிறீர்கள்?

மேல்மாடிவாசி

மிக்க நன்றி, அண்ணா. கடல்பக்க யன்னலை இரவு முழுவதும் திறந்து வைத்திருக்கிறோம். காலி வீதிப் பக்க யன்னலுக்கு நுளம்பு வலை இல்லாததால், ஆறு மணிக்கே அதைச் சாத்திவிடுவோம்.

கட்டட வேலைக்காரன், தெஹிவளை

அங்கேதான் அடுத்த பிழை இருக்கிறது. பகலில் கடலிலிருந்து வீசும் காற்று, இரவில் தரையிலிருந்து கடலை நோக்கித் திரும்பிவிடும். பருவக்காற்று ஓய்ந்திருக்கும் மார்ச், ஏப்ரலில் இந்தச் சிறு காற்றை விட்டால் எமக்கு வேறு காற்றே கிடையாது. நீங்கள் அது வெளியேறும் வாசலைத் திறந்து வைத்து, உள்ளே வரும் வாசலைச் சாத்தியிருக்கிறீர்கள். காலி வீதிப் பக்க யன்னலுக்கு வலையடித்துத் திறந்துவிடுங்கள். அதன் முன்னால் மேசை விசிறியொன்றை உள்நோக்கி வைத்தால், கூரை விசிறி தட்டின் கீழுள்ள சூட்டுக்காற்றையே இறக்கிக்கொண்டிருப்பதற்குப் பதிலாக, 28 பாகைக் காற்று கட்டிலுக்கு வரும். பகலில் வெளிக்காற்று உள்ளறையை விடச் சூடாக இருக்கும் வேளைகளில் யன்னல்களைச் சாத்தி வையுங்கள். மேற்கு யன்னலுக்கு உட்புறத் திரைச்சீலை போதாது. வெயில் கண்ணாடியைத் தாண்டிய பின் மறிப்பதில் பயனில்லை. வெளிப்புறத்தில் மூங்கில் தட்டியொன்றைத் தொங்கவிடுங்கள்.

பதில்: மின்வேலை, கொட்டாஞ்சேனை

விசிறியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. ஐந்தில் வைத்தும் இறகுகளை எண்ணக்கூடிய வேகத்தில் சுற்றினால், பெரும்பாலும் அதன் கெப்பாசிற்றர் பழுதடைந்திருக்கும். பிரதான ஆளியை நிறுத்திவிட்டு ஒரு மின்வேலையாளைக் கொண்டு மாற்றுங்கள். பழையதில் அச்சிட்டிருக்கும் அளவே புதியதிலும் இருக்க வேண்டும். "பெரியதைப் போட்டால் வேகமாகச் சுற்றும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், சுருள் எரிந்துவிடும்.

பதில்: ஓய்வுபெற்ற தாதி, பம்பலப்பிட்டி

பிள்ளை, அறையைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நான் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். இரத்த அழுத்தக் குளிசைகளில் சில சலத்தைக் கூடுதலாகப் போகச் செய்பவை. வெக்கைக் காலத்தில் அவற்றோடு வியர்வையும் சேர்ந்தால், எழுந்து நிற்கும்போது தலை சுற்றி விழக்கூடும். குளிசையை நீங்களாக நிறுத்த வேண்டாம். அளவை மாற்ற வேண்டுமா என்று அவருக்குப் பார்க்கும் வைத்தியரிடம் கேளுங்கள். வயதானவர்களுக்குத் தாகம் பிந்தித்தான் தெரியும் என்பதால், கேட்கும்வரை காத்திராமல் மணிக்கொரு முறை சிறிது தண்ணீரோ, மோரோ, அளவான உப்புப் போட்ட தேசிக்காய்த் தண்ணீரோ கொடுங்கள். இருதயமோ சிறுநீரகமோ பலவீனமானவர்கள் எவ்வளவு குடிக்கலாம் என்பதை வைத்தியரே சொல்ல வேண்டும். சிறுநீரக நோயாளிக்கு, பொட்டாசியம் அதிகமுள்ள செவ்விளநீரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது.

மாலையில் குழாயைத் திறந்தால் தாங்கியில் கொதித்த தண்ணீர்தான் வரும். விடியற்காலையில் இரண்டு வாளி பிடித்து, மூடி வைத்துவிட்டு, படுக்கப் போகும் முன் அதில் குளிக்கச் சொல்லுங்கள். பேச்சுத் தடுமாறினாலோ, உடல் நெருப்பாகக் கொதித்து நினைவு மங்கினாலோ, அது சாதாரணக் களைப்பல்ல. உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழைத்து, அது வரும்வரை உடலில் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள்.

மேல்மாடிவாசி (பன்னிரண்டு நாட்களின் பின்)

எல்லோருக்கும் நன்றி. சுண்ணாம்புக்கு நானே காசு கொடுப்பதாகச் சொன்னபின் வீட்டுக்காரர் சம்மதித்தார். படுக்கையறைக்கு மேலுள்ள பகுதிக்கு மட்டும் அடித்தோம். கெப்பாசிற்றர் மாற்றியதும், ஐந்தில் விசிறி வைத்தால் மேசையிலிருந்த காகிதங்கள் பறக்கின்றன. காலி வீதிப் பக்க யன்னலுக்கு வலை போட்டாயிற்று. நேற்று இரவு பத்து மணிக்கு வெளியே அதே 28 பாகை, கட்டிலருகே ஏறக்குறைய 30. அம்மா மூன்று இரவுகளாகக் கட்டிலிலேயே படுக்கிறார், ஆனால் "பஸ் சத்தம்" என்று புதிய முறைப்பாடு ஒன்றைத் தொடங்கியிருக்கிறார். பூச்சு இல்லாத முன்னறை மட்டும் பழையபடிதான் இருக்கிறது. அதற்கு நிழல் வலை கட்டலாமென்றால், மே மாதக் காற்றுக்கு அது நிற்குமா?

கட்டட வேலைக்காரன், தெஹிவளை

நிற்காது, தங்கை. தென்மேல் பருவக்காற்று தொடங்குமுன் கழற்றிச் சுருட்டி வைத்துவிடுங்கள். தண்ணீர்த் தாங்கியின் குழாயில் மட்டும் வலையைக் கட்ட வேண்டாம். போன வருடம் ஒரு வீட்டில் வலையோடு குழாயும் சேர்ந்து பிய்ந்து, நான்தான் மழைக்குள் ஏறிச் சரிசெய்தேன்.