மறுமொழி: அனஃபொரா, எபிஸ்ட்ரொஃபி: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம். அடுத்தடுத்த வாக்கியங்களின் தொடக்கத்தில் ஒரே சொல் மீண்டும் வருவது அனஃபொரா, இறுதியில் வருவது எபிஸ்ட்ரொஃபி. நம் சொற்கோவையில் இவற்றுக்கு என்ன தமிழ்ப்பெயர் வைக்கலாம் என்பதே கேள்வி.

இதுவரை வந்த பரிந்துரைகளில் 'கூறியது கூறல்' என்பதை முதலில் ஒதுக்கிவிடலாம். நன்னூல் சொல்லும் பத்துக் குற்றங்களுள் அதுவும் ஒன்று. ஒரு பேச்சாளர் வேண்டுமென்றே கையாளும் உத்திக்குக் குற்றத்தின் பெயரைச் சூட்டுவது நியாயமில்லை. 'அடுக்குத்தொடர்' பலருக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அடுக்கு இடைவெளியின்றி வருவது; 'பாம்பு, பாம்பு' என்று அலறுவது அடுக்கு. வாக்கியந்தோறும் ஒரே சொல் தலைகாட்டுவது வேறு சங்கதி. 'மடக்கு' சரிவராது. அங்கே சொல் திரும்பி வரும்போது பொருள் மாறியாக வேண்டும்.

மிச்சமிருப்பது பின்வருநிலையணி. சொல் மட்டும் மீள்வது, பொருள் மட்டும் மீள்வது, இரண்டும் மீள்வது என்று அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் அதை மூன்றாக வகுக்கிறது. மூன்றாவதற்குப் பள்ளியில் படித்த எடுத்துக்காட்டு, 'சொல்லுக சொல்லைப் பிறிதோர்சொல் அச்சொல்லை வெல்லுஞ்சொல் இன்மை அறிந்து' என்ற குறள் (645). அதில் 'சொல்' எங்கெங்கே விழுகிறது என்று பாருங்கள். முதலடியில் நான்கு சீரிலும் இருக்கிறது, அடுத்த அடியின் முதற்சீரிலும் இருக்கிறது. இந்த அணி இடத்தைப் பற்றிக் கவலைப்படுவதே இல்லை. அனஃபொராவும் எபிஸ்ட்ரொஃபியும் பார்ப்பதோ இடத்தை மட்டும்தான்: முன்னது வாக்கியத் தொடக்கம், பின்னது முடிவு.

இடத்தை வைத்துப் பெயரிடும் வழக்கம் நம்மிடம் இல்லாமலில்லை. ஓரடியின் இறுதி அடுத்த அடியின் முதலாவது அந்தாதி; அனடிப்ளோசிஸுக்கு அதற்கு மேல் ஒரு சொல் தேவையில்லை. ஓரிடத்தில் நிற்கும் சொல் பல இடங்களுக்கும் சென்று பொருள் தரும் தீவக அணியை, அச்சொல் நிற்கும் இடத்தைக் கொண்டு முதல்நிலை, இடைநிலை, கடைநிலை என்று பிரிக்கிறோம். அந்தப் பிரிவையே கடன் வாங்கி முதல்நிலை மீள்சொல், கடைநிலை மீள்சொல் என்று வைக்கலாம் என்பது என் கருத்து. மீள்பதிவு, மீள்பார்வை எல்லாம் புழக்கத்துக்கு வந்துவிட்டதால் 'மீள்' யாருக்கும் உறுத்தாது. 'முதல்வருநிலை' என்றும் ஒரு யோசனை வந்தது. அச்சில் பார்த்தால் முதல்வரின் உடல்நிலை பற்றிய செய்தி போல இருக்கிறது!

இரண்டு பெயர்கள் எதற்கு, பொதுவாக 'மீள்சொல்' போதாதா என்று கேட்டிருந்தார்கள். போதாது. 1963இல் வாஷிங்டனில் மார்ட்டின் லூதர் கிங் ஆற்றிய கனவு உரையைத் தமிழாக்கிப் பாருங்கள். ஆங்கிலத்தில் 'எனக்கொரு கனவு உண்டு' என்பது தலையில் நிற்கிறது, கனவு இன்னதென்பது பின்னால் வருகிறது. தமிழின் இயல்பில் அது தலைகீழாகி, '... என்று கனவு காண்கிறேன்' என்று முடியும். முதல்நிலை கடைநிலையாகிவிட்டது. 1863இல் கெட்டிஸ்பர்க்கில் லிங்கன் பேசியதில் நேர் எதிராக நடக்கிறது. அவர் மொழியில் பெயருக்கு முன் வரும் முன்னிடைச்சொல் (of, by, for) மாற, 'மக்கள்' மும்முறையும் இறுதியில் விழுகிறது. நமக்கு வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவதால் 'மக்களுடைய, மக்களால், மக்களுக்காக' என்று முன்னுக்கு வந்துவிடுகிறது.

இடம் மாறினால் விளைவும் மாறும். தொடக்கத்தில் மீளும் சொல்லைக் கேட்டதும் கூட்டம் அடுத்து என்ன வரப்போகிறதென்று காத்திருக்கும். இறுதியில் மீளும் சொல்லை, இரண்டாம் மூன்றாம் முறையிலேயே பேச்சாளருக்கு முன்பாகச் சொல்லிவிடும். மொழிபெயர்ப்பாளர் எதை இழந்தார், எதைக் காப்பாற்றினார் என்று பேசவாவது இரண்டு பெயர்கள் வேண்டும்.

*

ஐயா, வணக்கம். 'மீள்சொல்' எனக்குச் சம்மதம். ஒரு ஐயம் மட்டும். தமிழில் வினைமுற்று பெரும்பாலும் கடைசியில்தான் வருகிறது. மூன்று வாக்கியங்கள் அடுத்தடுத்து 'இருக்கிறது' என்று முடிந்தால் அதுவும் கடைநிலை மீள்சொல்லா? அப்படியானால் நம் அலுவலகச் சுற்றறிக்கைகள் எல்லாம் அணி இலக்கியம் ஆகிவிடும். இன்னொன்று, 'முதல்நிலை' என்றதும் மாணவர்களுக்குத் தேர்வுதான் நினைவுக்கு வரும்.

*

அம்மா, சுற்றறிக்கை பற்றிச் சொன்னது சரி. அந்த 'இருக்கிறது'களில் ஒன்றை 'உள்ளது' என்று மாற்றினால் யாரும் கவனிக்கப் போவதில்லை. ஆகவே அது மீள்சொல் அன்று. 'அஞ்சமாட்டோம், அடங்கமாட்டோம்' என்று அடுக்கிக்கொண்டே போய் நடுவில் ஒரு 'மாட்டோம்'ஐ மாற்றினால் பேச்சே நொண்டும். இந்தச் சோதனையை விளக்கத்திலேயே சேர்த்துவிடலாம். ஆனால் இந்த எடுத்துக்காட்டில் மீள்வது தனிச்சொல் அன்று, சொல்லின் பிற்பகுதி என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

தேர்வுக் குழப்பத்துக்காகத் தீவகத்தின் துணையை விட மனமில்லை. சொற்கோவைக்கு நான் தரும் வரைவு இது:

முதல்நிலை மீள்சொல்: அடுத்தடுத்த வாக்கியங்கள் அல்லது தொடர்களின் தொடக்கத்தில், மாற்றினால் ஓசையும் அழுத்தமும் கெடும்படி, ஒரே சொல்லோ சொற்பகுதியோ சொற்றொடரோ மீண்டும் வருவது. இறுதியில் வந்தால் கடைநிலை மீள்சொல். இரண்டிடத்திலும் வந்தால் இருநிலை மீள்சொல்.

'இருநிலை'யில் எனக்கே முழுத் திருப்தி இல்லை. வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.