போக்கரில் கலர் பெரிதா, சீக்வென்ஸ் பெரிதா?

கணக்குப்பிள்ளை:
வீட்டில் நண்பர்களுக்குப் போக்கர் சொல்லிக்கொடுப்பது பற்றி எழுதிய வைகைக்கரையார், “மூணு சீட்டு தெரிந்தவர்களுக்குக் கைகளின் (சீட்டுச் சேர்க்கைகளின்) வரிசையைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை, சீக்வென்ஸ் கலரை வெல்லும் என்றே ஆடலாம்” என்று அறிவுரை கூறியிருக்கிறார். புதிதாகப் பழகுபவர்களை இதைவிடக் கெடுக்க முடியாது. 52 சீட்டில், ஐந்து சீட்டும் ஒரே சின்னமாக வரும் கலர் 5,108 விதமாகவும், ஐந்தும் அடுத்தடுத்த மதிப்பில் வரும் சீக்வென்ஸ் 10,200 விதமாகவும் அமையும். ஒரே சின்னத்தில் வரும் சீக்வென்ஸ் இவ்விரண்டிலும் சேராது. அரிதான கை வெல்ல வேண்டும் என்பதால் போக்கரில் கலரே பெரிது. மூன்று சீட்டில் சீக்வென்ஸ் 720, கலர் 1,096 என்று கணக்கு தலைகீழாக இருப்பதால்தான் அங்கே சீக்வென்ஸ் வெல்கிறது.

வைகைக்கரையார்:
பொங்கல் விடுமுறையில் புளியங்கொட்டையைப் பணயமாக வைத்து ஆடும் ஆறு பேருக்கு நீங்கள் நீதிபதியாக வேண்டாம். ஆட்டம் தொடங்கும் முன் அனைவரும் ஒப்புக்கொண்டது எதுவோ அதுவே அந்த மேசையின் விதி. எங்கள் மேசையில் சீக்வென்ஸ்தான் பெரிது. மேலும், நீங்கள் ஐந்து சீட்டுக்குக் கணக்குச் சொல்கிறீர்கள். டெக்சஸ் ஹோல்டெம் என்ற போக்கர் வகையில் கையில் இரண்டும் நடுவில் ஐந்துமாக ஏழு சீட்டு இருப்பதை வசதியாக மறந்துவிட்டீர்கள்.

கணக்குப்பிள்ளை:
மறக்கவில்லை. ஏழு சீட்டு 13,37,84,560 விதமாக அமையும். அவற்றில், ஏழிலிருந்து எடுக்கும் சிறந்த ஐந்து சீட்டுக் கை கலராக இருப்பவை 40,47,644, சீக்வென்ஸாக இருப்பவை 61,80,020. ஏழிலும் கலரே அரிது, ஆகவே கலரே பெரிது. சென்ற மாதம் ரம்மி விவாதத்திலும் எண்களைப் பார்க்காமலேயே என்னை மறுத்தீர்கள்.

வைகைக்கரையார்:
ரம்மியை இழுத்தது நீங்கள். அந்த விவாதத்தில் விடை சொல்லாமல் விலகியதும் நீங்களே. இப்போது உங்கள் எண்களாலேயே கேட்கிறேன். அதே ஏழு சீட்டில் ஒரு ஜோடி மட்டும் அமைபவை 5,86,27,800; ஜோடிகூட இல்லாதவை 2,32,94,460. அரிதானதே வெல்லும் என்றால், ஒன்றுமில்லாத கை ஜோடியை வெல்ல வேண்டும். போக்கரில் அப்படியா ஆடுகிறார்கள்?

கிளாவர் ராணி:
இந்தக் கேள்விக்கு நேரான விடை வேண்டும். 2 முதல் 5 வரையுள்ள சீட்டுகளை நீக்கிவிட்டு 36 சீட்டில் ஆடும் ஹோல்டெமில், ஒரு சின்னத்துக்கு ஒன்பது சீட்டே இருப்பதால், கலர், ஒரே மதிப்பில் மூன்றும் வேறொரு மதிப்பில் இரண்டும் சேர்ந்த ஃபுல் ஹவுஸையும் வெல்லும். கட்டு மாறினால் வரிசையும் மாறுகிறது. ஆனால் வைகைக்கரையாரே, உங்கள் வீட்டில் கைகள் சமமானால் இஸ்பேடு வைத்திருப்பவருக்கே பணயம் முழுவதும் என்று முன்பு எழுதியிருந்தீர்கள். அதுதான் எனக்குப் பெரிய தவறாகப் படுகிறது. போக்கரில் சின்னங்களுக்குள் உயர்வு தாழ்வு கிடையாது. ஐந்து சீட்டும் மதிப்பில் சமமானால் பணயத்தைப் பங்கிட வேண்டும்.

வைகைக்கரையார்:
இஸ்பேடு விதி எங்கள் தெருவில் அனைவரும் அறிந்தது. பங்கிட்டால் ஆட்டம் சப்பென்று போய்விடும்.

கணக்குப்பிள்ளை:
ஜோடிக் கேள்விக்கு விடை இதுதான். வரிசை ஐந்து சீட்டுக்கு வகுக்கப்பட்டது. ஐந்து சீட்டில் ஜோடி 10,98,240, ஜோடியோ வேறெதுவுமோ இல்லாத கை 13,02,540. ஒன்றுமில்லாத கை ஜோடியை வெல்லும் என்று ஹோல்டெமில் வைத்தால், ஏழு சீட்டில் ஒரு ஜோடி உள்ள எவரும் அதில் ஒரு சீட்டை விலக்கி ஒன்றுமில்லாத ஐந்தைக் காட்டிவிடலாம். அப்போது அந்தக் கை அரிதாகவே இராது. கலருக்கும் சீக்வென்ஸுக்கும் இந்தச் சிக்கல் இல்லை. கலரே பெரிது.

இனி உங்கள் மேசையில் நடக்கப்போவதைப் பாருங்கள். நடுவில் ஆர்ட்டின் 9, ஆர்ட்டின் 10, இஸ்பேடு ஜாக்கி, ஆர்ட்டின் 3, கிளாவர் 2 விழுந்திருக்கின்றன. முறையாகப் பழகிய ஒருவர் ஆர்ட்டின் ஏஸும் ஆர்ட்டின் 5உம் கையில் இருப்பதால் தம்மிடமிருப்பதை மிஞ்ச எதுவும் இல்லை என்று உறுதியாக அறிந்து, எல்லாவற்றையும் நடுவில் தள்ளுகிறார். இஸ்பேடு ராஜாவும் டைமண்ட் ராணியும் வைத்திருப்பவர் சீக்வென்ஸைக் காட்டிப் பணயத்தை அள்ளிக்கொண்டால், தோற்றவர் மறுமுறை உங்கள் வீட்டுப் படி ஏறுவாரா?

வைகைக்கரையார்:
தொடங்கும் முன்பே சொல்லிவிட்டால் அவர் ஏன் தள்ளப்போகிறார்? உட்கார்ந்ததும் நாங்கள் முதலில் சொல்வதே சீக்வென்ஸ்தான் பெரிது என்பதைத்தான்.

கிளாவர் ராணி:
இஸ்பேடு விதியையும் முதலிலேயே சொல்கிறீர்களா?

வைகைக்கரையார்:
அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, எல்லோருக்கும் தெரியும்.

கணக்குப்பிள்ளை:
புதிதாக வருபவருக்கு எப்படித் தெரியும்? ஒன்றைச் சொல்லி மற்றொன்றைச் சொல்லாமல் விடுவதற்கு மேசை விதி என்று பெயர் சூட்டாதீர்கள். வேறு ஊரில், வேறு நண்பர்களுடன் ஆடப்போகிறவர் உங்களிடம் கற்றதை நம்பிச் சீக்வென்ஸோடு உட்கார்ந்திருப்பார். 5,108 என்பது 10,200ஐவிடச் சிறியது. இதை மறுக்க முடியுமானால் எண்ணோடு மறுத்துக்காட்டுங்கள்.

வைகைக்கரையார்:
எண்ணை நான் மறுக்கவே இல்லை. எங்கள் மேசையில் சீக்வென்ஸ்தான் பெரிது.