மறு: எர்த் லூப்புக்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டும் (ஞாயிறு இரவுக்குள்)

வியாசர்பாடி:
திங்கள் மாலை வகுப்பில் ஸ்டீரியோ பழுதுபார்க்கும் பாடம். அதற்கு முன் மாணவருக்கான பாடக்குறிப்பு ஜெராக்ஸ் கடைக்குப் போயாக வேண்டும். ஆம்ப்ளிஃபயர் சுவர் பிளக்கில் எர்த் ஆகிறது. கேபிள் டிவி வயரின் மேலுறை தெருவில் எங்கேயோ எர்த் ஆகிறது. இரண்டுக்கும் நடுவே துளி வோல்டேஜ் வித்தியாசம் இருந்தால் போதும், ஆடியோ வயரின் உறை வழியாகக் கரண்ட் ஓடி ஸ்பீக்கர் 50 ஹெர்ட்ஸில் 'ம்ம்ம்' என்கிறது. என் வீட்டில் செட்டாப் பாக்ஸின் பின்னால் அந்த வயரைத் திருகிக் கழற்றினேன், கப்சிப். இந்த எர்த் லூப்புக்குத் 'தரைச்சுழல்' என்று எழுதி நானே அடித்துவிட்டேன். வானிலை அறிக்கை மாதிரி இருக்கிறது.

பெரம்பூர்:
புவிக்கண்ணி. கண்ணி வளையமும்தான், பறவை பிடிக்கும் சுருக்கும்தான். ஓசைக்கு 'இரைச்சல்' வேண்டாம், அது சந்தைக்கு ஆகும். பழந்தமிழில் வண்டு இமிரும், கடல் இமிழும். இது வண்டா கடலா என்று முதலில் தீர்மானிப்போம்.

இராயபுரம்:
தேனீ நொடிக்கு 200 தடவைக்கு மேல் சிறகடிக்கும் ஐயா. 50க்கு அது இறங்கி வராது. கடல் எங்கள் தெருமுனையில். அதுவும் இப்படி மூச்சு விடாமல் முனகாது.

தண்டையார்பேட்டை:
கடையில் 'எர்த் லூப்' என்றால் பையன் வயரைத் தேடுவான். 'புவிக்கண்ணி' என்றால் எந்தத் தியேட்டர் என்பான்.

பெரம்பூர்:
அப்படியானால் 'லூப்'பை எட்டு வேற்றுமையிலும் ஏற்றிவிடலாமா?

தண்டையார்பேட்டை:
பிளக்கை, பிளக்கால், பிளக்குக்கு. ஏறிவிட்டதே.

வியாசர்பாடி:
என் கவலை வேறு. போன வருஷம் 'எர்த் கோளாறு' என்று சொல்லிக்கொடுத்தேன். ஒரு பையன் நேரே போய் பிளக்கின் மூன்றாவது பின்னை, அந்த எர்த் பின்னையே, வெட்டிவிட்டான். சத்தம் நின்றது, பெட்டியில் கரண்ட் லீக் வந்திருந்தால் தொட்டவரும் நின்றிருப்பார். எர்த் இருப்பது தப்பில்லை, இரண்டு இடத்தில் இருப்பதுதான் தப்பு. எல்லாவற்றையும் ஒரே போர்டில் செருகு, அப்படியும் நிற்காவிட்டால் கேபிள் வயரில் ஐசொலேட்டர் (சிக்னலை விட்டு எர்த் தொடர்பை மட்டும் துண்டிக்கும் சின்னப் பாகம்) போடு என்று பெயரே சொல்ல வேண்டும். 'இரட்டை எர்த்' என்று போடுகிறேன்.

இராயபுரம்:
சரி. தூக்கம் வருகிறது.

தண்டையார்பேட்டை:
ஓகே.

பெரம்பூர்:
'இரட்டை' காரணம், பெயர் அல்ல. என் மறுப்பு இருக்கட்டும். அடிக்குறிப்பிலாவது புவிக்கண்ணியைப் போடுங்கள். வண்டா கடலா என்பதற்கு இன்னும் ஒருவரும் பதில் சொல்லவில்லை.