தொடைக்கறிக்காக கச்சைக்கட்டி ஆட்டைக் கலப்பு பண்ணலாமா?

வாடிப்பட்டி மந்தை:
வணக்கம். எங்ககிட்ட 38 பெட்டை, 2 பொலிகிடா. எல்லாம் கச்சைக்கட்டி கருப்புச் செம்மறி, தாத்தா காலத்து வம்சம். போன வெள்ளிக்கிழமை திருமங்கலம் சந்தையில ஒரு வியாபாரி என் கிடாவோட முதுகுத்தண்டு மேல கட்டைவிரல வச்சு அமுக்குனாரு. "எலும்பு தட்டுது, தொடையும் இல்ல"ன்னு விலைய இறக்கிட்டாரு. பக்கத்துல அதே வயசு கலப்புக் கிடா ஒண்ணு, பின்பக்கம் உரல் மாதிரி. அமெரிக்காவுல ஒரு ஜீன் இருக்காம், அது வந்தா தொடை தானா பெருக்குமாம்னு மகன் சொல்றான். அது இங்க கிடைக்குமா? இல்ல, பெரிய உடம்புக் கிடா வாங்கி விட்டுரவா?

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், மதுரை:
தம்பி, உங்க மகன் சொன்னது உண்மைதான், ஆனா பாதிக் கதை. 1983-ல் அமெரிக்காவோட ஓக்லஹோமாவில் பிறந்த, டார்செட் என்கிற செம்மறி இனத்துக் கிடா ஒண்ணு, பேரு 'சாலிட் கோல்டு'. அதோட குட்டிகள் பிறக்கும்போது சாதாரணமாத்தான் இருக்கும். சில வாரத்துல இடுப்பும் தொடையும் திரண்டு வந்துரும். இதுக்கு 'காலிபிஜ்'னு பேரு வச்சாங்க, கிரேக்கத்தில் 'அழகிய பின்புறம்'னு அர்த்தம். யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் நோயல் காக்கெட் என்கிற மரபியல் ஆய்வாளரும் அவங்க கூட்டாளிகளும் அது 18-ஆம் குரோமோசோமில் இருக்குன்னு 1994-ல் காட்டினாங்க. அது இறங்குற முறைதான் அதிசயம். தகப்பன்கிட்டேருந்து மட்டும் வந்தாத்தான் தொடை திரளும். தாய்கிட்டேருந்து மட்டும் வந்தா ஒண்ணும் தெரியாது. ரெண்டு பக்கமும் வந்தாலும் தெரியாது.

கறிதான் காலை வாரிருச்சு. அறுத்த பிறகு தசைநாரைத் தளர்த்துறது கால்பெய்ன் என்கிற நொதி, அதைத் தடுக்கிறது கால்பாஸ்டாட்டின். இந்த ஆடுகள்ல தடுக்கிறது மிஞ்சி நிக்குது. அதனால முதுகுக்கறி குளிர்ல நாள்கணக்கா தொங்கவிட்டாலும் இளகல, ரப்பர் மாதிரியே இருந்துச்சு. அது பெரிசாப் பரவாம போனதுக்கு அதுவும் ஒரு காரணம். அதைத் தேடி அலைய வேண்டாம்.

கச்சைக்கட்டி கிடாமுட்டுக்காகக் கொம்பையும் கழுத்தையும் பார்த்து வளர்த்த இனம். ஹரியானா மாநிலம் கர்னால்ல இருக்கிற தேசிய விலங்கு மரபணு வளப் பணியகம் தனி இனமாப் பதிவு செஞ்சிருக்கு. ஒரு வெளிக் கிடாவை மந்தைக்குள்ள விட்டா மூணு தலைமுறையில அடையாளமே போயிரும். சந்தையில ஒரு நாள் இறங்குன விலைக்காக அதைச் செய்யாதீங்கன்னு கேட்டுக்கிறேன்.

ஒண்ணு கேக்குறேன். தீபாவளிக்கு எந்தக் குட்டிய முதல்ல விப்பீங்க?

நெல்பேட்டை கறிக்கடை:
நான் 22 வருசமாக் கத்தி பிடிக்கிறேன். அண்ணே, வாங்குறவருக்கு தொடை பெரிசாங்கிறது ரெண்டாவதுதான். முத்துன ஆடா இளசாங்கிறதுதான் முதல் கேள்வி. இன்னொண்ணு, ராத்திரி பூரா லாரியில இடிபட்டு, பயந்து, தண்ணி இல்லாம வந்த ஆட்டை அப்படியே அறுத்தா கறி கருத்துப் போயி கத்தியில ஒட்டும். அதே ஆட்டை நிழல்ல கட்டி தண்ணி வச்சு ஆறவிட்டு அறுத்தா செக்கச்செவேல்னு இருக்கும். எந்த இனமா இருந்தாலும் இதான். டாக்டர் சார், ஏன் அப்படி?

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், மதுரை:
தசையில கிளைகோஜன்னு சர்க்கரைச் சேமிப்பு இருக்கு. அறுத்த பிறகு அதுதான் லாக்டிக் அமிலமா மாறி, கறியோட பி.எச். அளவு (அமிலம் கூடக் கூட இது இறங்கும்) 7-லேருந்து 5.5 பக்கம் இறங்கணும். பயத்துலயும் களைப்புலயும் அது முன்னாடியே தீர்ந்துட்டா அமிலம் ஊறாது. கறி கருப்பாவே நின்னுரும், சீக்கிரமும் கெட்டுரும். நீங்க கத்தியில பார்த்ததைத்தான் ஆய்வுக்கூடத்துல மீட்டர் வச்சுப் பாக்குறாங்க.

வாடிப்பட்டி மந்தை:
டாக்டர் சார், உங்க கேள்வி ராத்திரி தூங்கவிடல. வேகமா வளர்ற கிடாக்குட்டியத்தான் முதல்ல விக்கிறோம். பின்தங்குனது நின்னுருது, அப்புறம் அதுவே பொலிகிடா ஆயிருது. ரெண்டுல ஒண்ணு அப்படி வந்ததுதான், ஆறு வருசமா நிக்குது.

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர், மதுரை:
அங்கதான் தொடை போயிருக்கு தம்பி. 3 மாசத்துல ஒவ்வொரு கிடாக்குட்டியையும் தராசுல நிறுத்தி எழுதுங்க. கூடுதல் எடையுள்ள ரெண்டை விக்காம நிறுத்துங்க. ஆறு வருசக் கிடா இப்ப தன் மகள்களையே மிதிச்சிட்டு இருக்கும், அதை முதல்ல மாத்துங்க. அதுக்கு இதே இனத்துல, உங்க ஆடுகளோட ரத்த சொந்தமில்லாத இன்னொரு மந்தைக் கிடா வேணும். ரெட்டைக் குட்டிய ஒத்தைக் குட்டியோட ஒப்பிடாதீங்க. பாலைப் பங்கு போட்டதால எடை குறைஞ்சிருக்கும். ரெட்டைய ரெட்டையோடவே பாருங்க.

வாடிப்பட்டி மந்தை:
சரிங்க சார். கச்சைக்கட்டி ஊர்ல மாமா மந்தையில ரெட்டையில பிறந்த கிடா ஒண்ணு இருக்கு. ஞாயித்துக்கிழமை தராசோட போறேன். எடைய இங்கயே எழுதுறேன்.