கட்சி நிறுத்திய வேட்பாளரைப் பிடிக்கவில்லை: குமரிக்காரர்கள் அனுபவங்கள்

மார்த்தாண்டம், ஓய்வுபெற்ற ஆசிரியை

2024 பிப்ரவரியில் மகளின் பேறுகாலத்துக்காக அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தில் இருந்தேன். அது அங்கே அதிபர் தேர்தல் ஆண்டு. தேர்தல் என்னவோ நவம்பரில்தான். ஆனால் கட்சி யாரை நிறுத்த வேண்டும் என்பதற்கே முன்கூட்டி மக்கள் ஓட்டுப் போடுகிறார்கள். பிரைமரி என்கிறார்கள். மிச்சிகனில் அது பிப்ரவரி 27 அன்று நடந்தது.

மருமகனுக்கு அங்கே ஓட்டு உண்டு. முந்தின நாள் ராத்திரி சாப்பாட்டு மேசையில் மாதிரி வாக்குச்சீட்டை விரித்துக் காட்டினார். ஜனநாயகக் கட்சிக்கு ஒரு சீட்டு, குடியரசுக் கட்சிக்கு ஒரு சீட்டு. எது வேண்டும் என்று நாம்தான் சொல்லி வாங்க வேண்டும். ஜனநாயகக் கட்சிச் சீட்டில் அப்போதைய அதிபர் பைடன், டீன் பிலிப்ஸ், மேரியான் வில்லியம்சன் என்று மூன்று பெயர்கள். அதோடு ‘அன்கமிட்டட்’ என்று இன்னொரு கட்டம். இவர்களில் யாரையும் நான் ஏற்கவில்லை என்று சொல்ல நினைப்பவர்களுக்கு அது. கட்சி ஆளை அறிவிக்கும் முன்பே, கட்சிக்குள்ளேயே நின்று வேண்டாம் என்று சொல்ல ஒரு இடம் வைத்திருக்கிறார்கள். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து வீட்டில் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். வாழ்நாள் முழுக்க ஜனநாயகக் கட்சிக்கே போட்டவர். வாசலில் பனியை வாரிக்கொண்டிருந்தவர் என்னைக் கண்டதும் மண்வெட்டியை ஊன்றி நின்று பேசினார். “அவருக்கு 81 வயது. எனக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். நான் படி ஏறினால் பாதியில் உட்காருகிறேன். இன்னும் நாலு வருஷம் இந்த வேலையை அவர் தலையில் வைக்கலாமா?” என்றார். அவருக்குப் பைடன் மேல் வெறுப்பு கிடையாது. நல்ல மனுஷன் என்றுதான் சொன்னார். கட்சியில் பெரிய தலைவர் ஒருவர்கூட எதிர்த்து நிற்க முன்வரவில்லையே என்பதுதான் அவர் வருத்தம்.

அப்புறம் ஒரு நாள் டியர்பார்னுக்குப் போனோம். அரபு மக்கள் நிறையப் பேர் வாழும் ஊர். இனிப்புக்கடையில் பெட்டி கட்டிக்கொண்டிருந்த பெண், மகள் கேட்ட கேள்விக்கு, “அன்கமிட்டட் போட்டேன்” என்று பட்டென்று சொன்னாள். காசாவில் குண்டு விழுவதை நிறுத்தச் சொல்லும்வரை என் ஓட்டு பைடனுக்கு இல்லை என்றாள். கை நூலைச் சுற்றிக்கொண்டே இருந்தது, குரல் மட்டும் நடுங்கியது. அந்த மாநிலத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் அவளைப் போலவே போட்டிருந்தார்கள். டியர்பார்ன் நகரில் பைடனைவிட அந்தக் கட்டத்துக்கே அதிக ஓட்டு.

சரி, அதனால் கட்சி மாறியதா? உடனே இல்லை. ஜூன் 27 அன்று டிரம்ப்போடு நடந்த தொலைக்காட்சி விவாதத்தில் பைடன் தடுமாறியதை உலகமே பார்த்தது. ஜூலை 21-ல் விலகினார். ஆகஸ்ட் தொடக்கத்தில் கட்சிப் பிரதிநிதிகள் ஓட்டுப் போட்டு கமலா ஹாரிஸை வேட்பாளராக்கினார்கள். நம் திருவாரூர் மாவட்டத் துளசேந்திரபுரத்தில் அவருக்காகப் பூசை நடந்ததை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் மகள் போனில் சொன்னாள்: அந்தப் பெரியவருக்கு நிம்மதியும் கோபமும் சேர்ந்தே இருந்ததாம். “பிப்ரவரியில் நான் போட்ட சீட்டில் இந்தப் பெயர் இல்லையே, எங்களைக் கேட்க வேண்டாமா?” என்றாராம். நவம்பரில் மிச்சிகன் டிரம்ப் பக்கம் போனது. அதற்குப் பல காரணங்கள் இருக்கும். ஆனால் கேட்காமல் விட்ட கோபமும் அதில் உண்டு என்று நான் நம்புகிறேன்.

இதற்கு நடுவில் ஊருக்குத் திரும்பிவிட்டேன். ஏப்ரல் 19-ல் எங்களுக்கு மக்களவைத் தேர்தல். விளவங்கோட்டில் எம்.எல்.ஏ. பதவி விலகிக் கட்சி மாறியதால், அன்றைக்கே சட்டமன்ற இடைத்தேர்தலும். இரண்டு ஓட்டு.

எங்கள் தெருவுக்கு ஓட்டுக் கேட்டு வந்தவர்களில் ஒருவரை எனக்கு நெடுநாளாகத் தெரியும். ரப்பர் வெட்டுக்குப் போகிறவர். ஒரே கட்சி, ஒரே கொடி. முதல் நாள் போஸ்டர் ஒட்டிய மைதாப் பசை விரலிடுக்கில் காய்ந்து வெள்ளையாக உரிந்துகொண்டிருந்தது. சாயா கொடுத்து உட்கார வைத்து, “இந்த ஆளை யாரு தீர்மானிச்சா? உங்களக் கேட்டாவளா?” என்றேன். மற்றவர்கள் அடுத்த வீட்டுக்குப் போகும்வரை பேசாமல் இருந்தார். அப்புறம் தணிந்த குரலில், “டீச்சரே, டிவியில கீழ எழுத்து ஓடிச்சுல்லா, அதுலதான் நானும் கண்டேன். முப்பது வருஷமா கொடி கெட்டுதேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா” என்றார். கண் கலங்கிவிட்டது. சாயாவைக் குடித்து முடித்து, துண்டறிக்கைக் கட்டை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

விருப்ப மனு வாங்குகிறார்கள், நேர்காணல் நடத்துகிறார்கள். எல்லாம் சீட் கேட்பவர்களுக்கு. ஓட்டுக் கேட்டு அலைகிறவர்களுக்கும் ஓட்டுப் போடுகிறவர்களுக்கும் அதில் ஒரு வாய்ப்பும் கிடையாது. 2013 முதல் நமக்கு நோட்டா இருக்கிறது, உண்மைதான். ஆனால் அது எல்லாம் முடிந்தபிறகு கடைசியில் வருகிற பொத்தான். அதில் எத்தனை பேர் அழுத்தினாலும், நிற்கிறவர்களில் அதிக ஓட்டு வாங்கியவரே ஜெயிப்பார். அமெரிக்க முறையில் குறையில்லை என்று நான் சொல்லவில்லை. அந்தப் பெரியவரின் கோபமே அதற்குச் சாட்சி. ஆனாலும், எங்கள் ரப்பர் வெட்டுக்காரரைப் போன்றவருக்குக் கட்சிக்குள் ஒரு ஓட்டு வேண்டும். அது அவருக்கு உரியது.

நாகர்கோவில், வடசேரி

டீச்சர் எழுதியதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். உடனே 1969-க்குப் போய்விட்டார். அவர் அப்போது கல்லூரி மாணவர்.

எங்கள் எம்.பி.யாக இருந்த மார்ஷல் நேசமணி மறைந்ததால் அந்த ஜனவரியில் நாகர்கோவிலில் இடைத்தேர்தல். விருதுநகரில் 1967-ல் தோற்ற காமராஜரை நம் ஊர்தான் டெல்லிக்கு அனுப்பியது. மே மாதம் ஜனாதிபதி ஜாகிர் உசேன் இறந்தார். ஜூலையில் பெங்களூரில் கூடிய காங்கிரஸ் மேலிடம் சஞ்சீவ ரெட்டியை வேட்பாளராக்கியது. இந்திரா காந்தி தலித் தலைவரான ஜெகஜீவன் ராமை விரும்பினார். காமராஜர் ரெட்டி பக்கம் நின்றார்.

அப்பாவுக்குக் காமராஜர் என்றால் உயிர். ஆனால் ஒரு தலித் தலைவரை அந்த நாற்காலியில் உட்கார வைக்கும் வாய்ப்பு கைக்கு வந்தும் விட்டுவிட்டார்களே என்று அன்று கொதித்திருக்கிறார். தாத்தாவோடு சண்டை. தலைவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்பது தாத்தா கட்சி. “நாம ஓட்டுப் போட்டு அனுப்புன ஆளுதான அங்க போய்த் தீர்மானிக்காரு, நம்ம மனசு அவருக்குத் தெரியாண்டாமா?” என்று அப்பா கேட்டாராம். இரண்டு பேரும் ஒரே வீட்டில் பேசாமல் இருந்திருக்கிறார்கள்.

ஆகஸ்டில் மனசாட்சிப்படி ஓட்டுப் போடுங்கள் என்று இந்திரா சொன்னதும், சுயேச்சையாக நின்ற வி.வி. கிரி இரண்டாம் விருப்ப ஓட்டுகளையும் எண்ணியபிறகு ஜெயித்ததும், நவம்பரில் காங்கிரஸ் உடைந்ததும் தெரிந்த கதை. நம் மாவட்டத்தைப் பொறுத்தவரை அப்பா அழுத்திச் சொல்வது வேறு. ஜனாதிபதி தேர்தலில் கட்சிக் கொறடா உத்தரவு போட முடியாது, ஓட்டு ரகசியம். அதில் ஓட்டுப் போடுகிறவர்கள் நாம் தேர்ந்தெடுத்த எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும். தங்கள் கட்சி நிறுத்திய ஆள் பிடிக்காவிட்டால் அவர்கள் தைரியமாக மாற்றிப் போடலாம். அந்தச் சுதந்திரம் அவர்களுக்கு இருக்கிறபோது, அவர்களை நிறுத்தும் இடத்தில் நமக்கு ஏன் இல்லை என்கிறார்.

1971-ல் காமராஜர் இங்கே திரும்ப நின்றார். வீட்டில் ஓட்டு இருந்த அத்தனை பேரும் அவருக்கே போட்டார்கள். வருத்தம் வேறு, மரியாதை வேறு.

குளச்சல் பக்கம், கடற்கரை ஊர்

நான் சுருக்கமாகச் சொல்கிறேன். எங்கள் ஊரில் ஒவ்வொரு அன்பியத்திலிருந்தும், அதாவது பக்கத்துப் பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த குழுவிலிருந்தும், ஆளைத் தேர்ந்தெடுத்துத்தான் கோயில் காரியங்களைப் பார்க்கிற பங்குப்பேரவைக்கு அனுப்புகிறோம். படிக்காத கிழவிகூட இன்ன ஆள் வேண்டும் என்று சொல்லும். சரியில்லை என்றால் அடுத்த தடவை ஆளை மாற்றிவிடுவோம். இதற்கெல்லாம் ஆகிற காரியம், எங்களை நாடாளுமன்றத்தில் பேச வைக்கிற ஆளுக்கு மட்டும் ஆகாதா?

ஒக்கி புயலில், 2017 நவம்பர் கடைசியில், கடலுக்குப் போன எங்கள் ஆட்கள் எத்தனையோ பேர் திரும்பவில்லை. அன்றைக்கு இங்கே வந்து நின்றவர் யார், வராதவர் யார் என்று எங்களுக்குத் தெரியும். சென்னையிலும் டெல்லியிலும் உட்கார்ந்து பட்டியல் போடுகிறவர்களுக்கு அது தெரியாது. அவர்கள் போடும் கணக்கு எந்த சாதி எவ்வளவு, எந்த சபை எவ்வளவு என்பது. அதனால்தான் ஒவ்வொரு தேர்தலிலும் ஆளை அறிவித்த அன்றைக்கு எங்கள் கடற்கரையில் முணுமுணுப்பு.

போன தடவை ஓட்டுக் கேட்டு வந்த கட்சிக்காரரிடம் நேராகவே சொன்னேன்: “அண்ணே, அடுத்த பட்டியலுக்கு முன்ன எங்க ஊருல ஒரு பெட்டி வையுங்க. உங்க உறுப்பினர் கார்டு உள்ளவன் மட்டும் போடட்டும், போதும்.” மேலிடத்தில் சொல்லுகிறேன் என்று எழுதிக்கொண்டு போனார். பதில் இல்லை.

இப்போது நாங்களே மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். எல்லாக் கட்சிக்கும் ஒரே மனு. எங்கள் அன்பியத்தில் கையெழுத்து வாங்கியாயிற்று, அடுத்த அன்பியத்தில் வாங்குகிறோம். வடசேரிக்காரரும் டீச்சரும் உங்கள் பக்கத்தில் கையெழுத்துப் போட ஆள் இருந்தால் சொல்லுங்கள், தாளை அனுப்புகிறேன்.